பீப்பாயை நகர்த்திய குவின்தோ

குவின்தோ ஃபெர்ராசியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கல்லறைக்குள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அலுமினியத் தட்டு, அதில் பச்சை மொச்சை. வலது கை தொடைமேல் அசையாமல் கிடக்க, இடது கை மட்டும் காயைப் பிளந்து கொட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே, பாறையிலேயே செதுக்கிய ஒரு உத்திரம். அதிலிருந்து உப்பிட்ட பன்றித்தொடைகள் இரண்டு தொங்கின.

"தொல்பொருள் ஆபீஸ்லேர்ந்தா?" என்றார்.

"ஆமாங்க. அளக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நான் டாக்டர் எஃபிசியோ."

எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எவரும் டாக்டர்தான். என் அப்பா ஆடு மேய்ப்பவர். அவருடைய அப்பாவும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று தலையில் சூட்டிய பிரிஞ்சி இலைக் கிரீடத்தை அம்மா அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு அதிலிருந்துதான் இலை கிள்ளிப் போடுவாள். எனவே அந்தச் சொல்லை என் பெயருக்கு முன்னால் போடாமல் விட எனக்கு மனம் வந்ததில்லை.

"டாக்டரா? நல்லதாப் போச்சு. இந்தக் காலைக் கொஞ்சம் பாரு."

சமையலறையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அவரு கல்லறை டாக்டரு மனுசா. உன் காலை அவரு பார்க்கணும்னா நீ இன்னும் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசம் பொறுத்திருக்கணும்."

அது அவர் மனைவி எர்சிலியா. மனுப் போட்டதும் அவள்தான். கல்லறையின் பின்சுவரில், சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு ஒரு வழி திறக்க அனுமதி வேண்டும் என்று சதுரக் கோட்டுத் தாளில் கையால் எழுதியிருந்தாள்.

வால்செக்கா ஊர் ஒரு நீளப் பாறையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. குவின்தோவின் வீடு பள்ளத்தாக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. சந்து என்றால் வெறும் படிகள். வாசலிலிருந்து ஊர்ச் சதுக்கத்துக்கு ஏற நாற்பத்தொரு படி. கீழே இறங்கினால் முட்செடியும் ஓடையும்தான். ஆனால் வீட்டுக்குள்ளே, சமையலறையைத் தாண்டி ஒரு படிகூட இல்லாமல் கல்லறைக்குள் போகலாம். எங்கள் பக்கத்தில் பாறையை ஒட்டிய வீடு எதுவானாலும் பின்கட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் முன் இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் மக்களின் கல்லறையாகத்தான் இருக்கும். ஒயினும் எண்ணெயும் கெடாமல் இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தக் கல்லறையின் பின்சுவருக்கு மறுபுறம் கீழ்ச்சாலை. ஐம்பதுகளில் பாறையைச் சீவிச் சாலை போட்டபோது, சுவர் என்று மிஞ்சியது மெல்லிய தகடுதான். சாலையும் சமையலறையும் ஒரே மட்டம்.

நான் அளக்கப் போன அந்த ஏப்ரலுக்கு இரண்டு வருடம் முன், ஒரு நவம்பரில், ஒலிவ மரத்தில் ஏணி வைத்து நின்றபோது குவின்தோவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஆம்புலன்ஸ் தொண்டர்கள் நால்வர் நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். பரிசோதனைக்கென்று இன்னும் இரண்டு முறை அப்படித் தூக்கினார்கள். மூன்றாம் முறை பதினேழாம் படியில் முன்னால் பிடித்தவனின் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, குவின்தோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சிறிது நேரம் தொங்கினார். அன்றோடு போதும் என்று சொல்லிவிட்டார். சந்தில் நாற்காலியை ஏற்றியிறக்கும் இயந்திரம் பொருத்தக் கேட்டார்கள். சந்து குறுகல், அதுவும் பழைய படிகள், ஆணியடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. மகள் தூரினோவில் ஐந்தாம் மாடியில் இருக்கிறாள், அங்கே மின்தூக்கி பாதி நாள் ஓடாது. ஆகவே அந்தப் பின்சுவர்தான் மிச்சம்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது.

பாறையில் செதுக்கிய கதவு. மேலே போகப் போகக் குறுகும் இரண்டு நிலைகள், அவற்றின்மேல் இரு பக்கமும் கொம்புபோல நீண்ட விட்டம், நடுவில் கோடு போட்டுப் பிரித்த இரட்டைக் கதவுகள், மூன்று வரிசை ஆணித்தலைகள். கோட்டின் பள்ளத்தில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருந்தது. அந்த மக்கள் தாங்கள் வாழ்ந்த வீடுகளை மண்ணாலும் மரத்தாலும் கட்டினார்கள். அவை மழையில் கரைந்து போயின. செத்தவர்களுக்குத்தான் பாறையில் வீடு வெட்டினார்கள், எதையும் தாங்காத உத்திரத்தோடும் யாரும் உறங்கி எழாத கட்டிலோடும். கதவு மறு உலகத்துக்கு. அது திறக்காது. திறக்க வேண்டும் என்று அதைச் செய்ததும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் பாடம். குவின்தோவுக்கு அது வேறு ஒருத்தன் பார்த்த வேலை. பதினாலு வயதிலிருந்து கல்குவாரியில் எங்கள் ஊர்ச் சாம்பல்கல்லை அறுத்தவர் அவர்.

"இடது நிலையைப் பாரு தம்பி. கொத்தின குறியெல்லாம் இப்படிச் சாயுதா? வலது நிலையில அப்படியே மாறியிருக்கு. ரெண்டு பேரு செஞ்சிருக்கானுங்க. இந்தப் பக்கத்து ஆளு இடக்கையன். ஒரு விரக்கடை கோணல் வேற. என் குவாரியா இருந்தா மத்தியானமே வீட்டுக்குப் போடான்னிருப்பேன்."

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். எழுதிக்கொண்டேன்.

ஆண்கட்டில் என்று நாங்கள் சொல்லும், கால் செதுக்கிய கல்மேடையில் கண்ணாடிக் குடங்களில் ஒயின் நின்றது. கூரைபோல முக்கோணத் தலைப்பலகை வைத்த பெண்கட்டிலில் உருளைக்கிழங்குச் சாக்கு.

"உன் கட்டில்ல கிழங்கு முளை விட்டிருக்கு எர்சிலியா."

"உன் கட்டில்ல வெறும் பாதி குடிச்சு வச்ச ஒயின். என்னுது உழைக்குது."

வெளியே போய்ச் சாலை மட்டத்தை அளந்துவிட்டு உள்ளே வந்து கூட்டிக் கழித்தேன். சுவர் நாற்பத்து நாலு சென்டிமீட்டர்.

"ரெண்டு சாண்," என்றார் குவின்தோ. "நான் சொன்னா நம்பமாட்டீங்க. அந்த மெஷின் சொன்னாத்தான் நம்புவீங்க."

அப்போது ஒயின் குடங்கள் மெல்ல அதிர்ந்தன. அவர் நாற்காலியை உருட்டிப் போய் இடது உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்தார்.

"பதினொண்ணேகால் பஸ். இன்னைக்கு ரினால்தோ ஓட்டுறான். வளைவு வந்தப்புறந்தான் அவனுக்குப் பிரேக் ஞாபகம் வரும்." அதிர்வு அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. "அங்க நின்னு கையைக் காட்டுனா நிறுத்துவான். நம்ம பையன்தான்."

கிளம்பும்போது எர்சிலியா எனக்கு ஒரு துண்டு ரொட்டியும் மொச்சையும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வைத்தாள். சாப்பிட்டதும் சொன்னாள்.

"தம்பி, நீ எழுதுறதைத்தான் மேல இருக்கிறவங்க பார்ப்பாங்க. பெருசா எழுதாத. நாலு வரி போதும். பழைய கதவு, கோணல், மூலை உதிர்ந்திருக்கு, இந்த மாதிரி ஊரெல்லாம் இருக்கு. அவ்வளவுதான்."

"பொய் எழுத முடியாதும்மா."

"பொய் எழுதச் சொன்னேனா? சின்னதா எழுதுன்னேன்."

குவின்தோ சிரித்தார். "அவகிட்ட கேக்காத. என்கிட்ட கேளு. வாயை மூடத் தெரியாம மாட்டிக்கிட்டவன் நான்தான்."

அப்புறம்தான் அந்தப் பீப்பாய்க் கதையைக் கேட்டேன். ஊரில் அவருக்குப் பெயரே பீப்பாயை நகர்த்தினவர் என்றுதான்.

எழுபத்தெட்டாம் வருடம் ஒரு பேராசிரியர் இரண்டு மாணவர்களோடு வால்செக்காவுக்கு வந்து வீடு வீடாகக் கல்லறைகளைப் பதிந்தார். எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, ஆனால் எல்லோரும் செய்வார்கள். சட்டை போட்டவன் எவனாவது விளக்கோடு வந்தால், செதுக்கியது, வரைந்தது எதுவானாலும் அதற்கு முன்னால் வீட்டிலேயே பெரிய பீப்பாயை உருட்டி நிறுத்திவிட வேண்டும். பிறகு வந்தவருக்கு ஒரு குவளை ஊற்ற வேண்டும், அவர் வெறும் குழி என்று எழுதிக்கொண்டு போவார். ஏனென்றால் எழுத்தில் ஏறிவிட்டால் அந்த அறையில் நீ ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. எர்சிலியாவின் அப்பா அப்படித்தான் பீப்பாயை நிறுத்தியிருந்தார். குவின்தோ அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து நாலு மாதம்.

"அந்த ஆளு உள்ள வந்தாரு. மேல பார்த்தாரு, கீழ பார்த்தாரு. சாதாரணம், இது மாதிரி நூறு பார்த்தாச்சுன்னு பையன்கிட்ட சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்ப எனக்கு இருபத்தேழு வயசு. கல்லு அறுக்கிறவன் வீட்டுக் கல்லைப் பார்த்து சாதாரணம்னா? தோளைக் குடுத்துப் பீப்பாயை நகர்த்திட்டேன்."

"நகர்த்துனது மட்டுமா?" என்றாள் எர்சிலியா. "ஈரத்துணி எடுத்துக்கிட்டு வந்து அந்தச் செவப்புக் கோட்டைத் துடைச்சுக் காட்டுனான் இந்த மனுசன். என் அப்பன் ஒரு மாசம் இவன்கூடப் பேசல. சோத்தை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுவாரு."

இதைக் கேட்டு நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், அவர் செய்ததையே நானும் செய்தேன்.

என் அறிக்கை பன்னிரண்டு பக்கம். கதவைப் பற்றி மட்டும் மூன்று. சுற்றிலும் நாற்பது கிலோமீட்டரில் ஆணித்தலைகளோடு இப்படியொரு பொய்க்கதவு கிடையாது என்று எழுதினேன். சிவப்புச் சாயத்தை எழுதினேன். இரண்டு கைகள் வேலை செய்ததை, ஒருவன் இடக்கையன் என்பதை எழுதினேன். அது என் கண்டுபிடிப்புபோலத் தோன்றும்படி எழுதினேன். தனிச்சிறப்பு வாய்ந்தது என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டேன். கடைசியில் ஒரு பத்தி: கதவைத் தொடாமல், அதற்கு ஒரு மீட்டர் இடப்பக்கம் வழி திறக்கலாம், அங்கே உள்ளவர் நடமாட முடியாதவர் என்று. அந்தப் பத்தி போதும் என்று உண்மையிலேயே நம்பினேன். இவ்வளவு அருமையான ஒன்றைப் படித்தால் மேலே இருப்பவர்களுக்கு அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் மனிதர்மேலும் அக்கறை வரும் என்று நினைத்தேன். தட்டச்சு செய்து முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதில் செப்டம்பரில் வந்தது, திராட்சை பறிக்கும் வாரத்தில். எர்சிலியா எனக்கு ஃபோன் செய்து, ஒரு குசலம்கூடக் கேட்காமல், கடிதத்தை வாசித்தாள். பின்சுவரில் எந்த இடத்திலும் வழி திறக்க அனுமதி இல்லை. இடப்பக்கம் திறந்தால் கதவின் நிலை ஆட்டம் காணும். அதோடு, தனிச்சிறப்பு வாய்ந்தது என்று ஆய்வாளரே குறிப்பிட்டிருப்பதால், ஒயின், இறைச்சி, கிழங்கு ஆகிய அனைத்தையும் முப்பது நாளில் அப்புறப்படுத்த வேண்டும். அறை இரும்புக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டப்படும்.

"ஆய்வாளருங்கறது யாரு? நீதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தக் கல்லறைதான் அவர் பகலெல்லாம் உட்காரும் இடம் என்று எனக்குத் தெரியும். சமையலறைக்கு ஜன்னல் சந்துப் பக்கம், எதிர்ச் சுவரைத்தான் பார்க்கும். கல்லறையில் பஸ்ஸாவது கேட்கும். அவர் வெளியே போக வழி கேட்டார். நானோ அவருக்கு இருந்த ஒரே அறையையும் பிடுங்கிக்கொண்டேன். மறுநாளே அலுவலகத்துக்குப் போய் அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்றேன். எதைத் திருத்துவாய், கதவு தனிச்சிறப்பு இல்லை என்றா, என்று கேட்டார்கள். நான் எழுதியதெல்லாம் நிஜம்தானே.

அக்டோபரில் கம்பிக்கதவு மாட்டும் வேலையாட்களோடு என்னையே அனுப்பினார்கள். பொருட்களை அகற்றியபின் சுவரின் நிலை எப்படி இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

அறை காலி. உத்திரத்தில் பன்றித்தொடையின் கொக்கி மட்டும் இருந்தது. குவின்தோ வழக்கமான இடத்தில் இருந்தார்.

"வாங்க டாக்டர்," என்றார். முன்பு தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இடது நிலையில், என் இடுப்பு உயரத்தில், ஒரு கொத்து. நீளம் ஒரு விரல். ஏப்ரலில் அது இல்லை. மூலையிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நிறம் மற்றக் குறிகளைப் போலவே கருத்திருந்தாலும், முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது அதன்மேல் பூசிய புளித்த ஒயின் மண்டியின் வாசம் அடித்தது.

திரும்பினேன். எர்சிலியா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலையாட்கள் இன்னும் சந்தில்தான் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் கொத்துக்கோடாரியை எடுத்துக் குடுத்தேன்," என்றாள். "நேத்து. எழுதிக்கணும்னா என் பேரை எழுதிக்கோ. உள்ள வச்சுப் பூட்டப் போறாங்க, அதுக்கு முன்னாடி நீயே ஒடைச்சிடு மனுசான்னேன். மத்தியானம் பூரா அதை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். மூணு பஸ் போச்சு. அப்புறம் ஒரே ஒரு அடி."

"ஒண்ணு போதும், கல்லு சொல்லிடும்," என்றார் குவின்தோ. "உள்ள நல்ல ஈரம். இளகின கல்லு. ஒத்தைக் கையாலயே நாலு நாள்ல வெளிய வந்திருப்பேன்."

"அப்புறம் ஏன் மாமா நிறுத்தினீங்க?"

"அடி விழுந்த எடத்தைப் பார்த்தேன். இடது கையால அடிச்சேனா, குறி அவனுது மாதிரியே சாஞ்சுது. எது அவன் அடிச்சது, எது நான் அடிச்சதுன்னு எனக்கே தெரியல. பக்கத்துல ஒருத்தன் நின்னு வேலை பார்க்கிற மாதிரி இருந்துச்சு. ஒருத்தன் முடிச்சு வச்ச கல்லை இன்னொருத்தன் ஒடைக்கிற பழக்கம் எங்க குவாரியில கெடையாது."

"அளக்காத," என்றாள் எர்சிலியா. "கை வலிச்சிருக்கும்."

"அதுவும்தான்."

அவள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து, பெயர்ந்த சில்லை எடுத்து என்னிடம் நீட்டினாள். நகம் அளவு இருந்தது. ஒரு முனையில் சிவப்பு. "இதையும் கொண்டுபோய் உங்க ஆபீஸ்ல குடு. எனக்கெதுக்கு."

பதியப்பட்ட கல்லறையைச் சேதப்படுத்தினால் வழக்கு. எழுபது வயது, பக்கவாதம், எதையும் பார்க்கமாட்டார்கள். எழுத வேண்டிய படிவம் என் கையில் இருந்தது. கம்பி படியில் மோதும் சத்தம் நெருங்கியது. நான் அந்தச் சில்லை டப்பாவிலேயே திருப்பிப் போட்டு மூடினேன். சுவரில் தாளை வைத்து எழுதினேன்: "பின்சுவர் உறுதியாக உள்ளது. கதவின் இடது நிலையில் மூலை சற்று உதிர்ந்துள்ளது. அவ்விடத்துக் கொத்துக்குறிகள் யாவும் இடக்கையால் விழுந்தவை. வேறு சொல்வதற்கில்லை."

எர்சிலியா கண்ணாடி மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். விரலை வைத்து எண்ணினாள்.

"நாலு வரி," என்றாள். "ஆறு மாசம் பிந்திடுச்சு தம்பி."

வேலையாட்கள் உள்ளே வந்தார்கள். குவின்தோவின் நாற்காலியை நான்தான் சமையலறைக்குத் தள்ளினேன். கம்பிக்கதவைப் பாறையில் பொருத்தத் துளையிட ஆரம்பித்தபோது அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "டிரில்லை அமுக்காதீங்கப்பா, இது வெண்ணெய் மாதிரி. அதுவாப் போகும்." அவர்கள் அமுக்கினார்கள். ஒரு கை அளவு கல் பெயர்ந்து விழுந்தது. அதற்கு யாரும் குறிப்பு எழுதவில்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குவின்தோ இப்போதும் அதே வீட்டில் இருக்கிறார். நாற்காலி கம்பிக்கதவை ஒட்டி நிற்கிறது. உள்ளே எரியும் சின்ன விளக்கில், பாறையில் செதுக்கிய மறு கதவு தெரியும். கையை வைத்துப் பார்க்க முடியாவிட்டாலும், தரை அதிர்வதிலிருந்து பஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார். சாவி ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று எர்சிலியாவின் ஏப்ரன் பையில். மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்வையாளர்கள் நாற்பத்தொரு படி இறங்கி, சமையலறை வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். சென்ற மாதம் ஒரு பெண் அவரைக் காவலாளியா என்று கேட்டிருக்கிறாள். இல்லம்மா, குடியிருக்கிறவன், என்றாராம். இரண்டாவது மனுவை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. படியில் வழுக்கிய அந்த நாளுக்குப் பிறகு அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.